ஒத்தோர் ஆதரவு என்றால் என்ன? கருவி வைத்துப் பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பது

எங்கள் சித்தப்பாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய் வந்தது. அறுவைசிகிச்சையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். வலங்கைமான் பக்கத்துக் கிராமம். நடவு நேரத்தில் அவர் வரப்பில் நின்று குரல் கொடுத்தால் அடுத்த வாய்க்கால் வரை கேட்கும். அப்படிப்பட்ட மனிதர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கழுத்தின் கீழே மூச்சு விட ஒரு துளை இருந்தது. கையில் டார்ச் லைட் போல ஒரு கருவி இருந்தது. பொத்தானை அழுத்தித் தாடைக்குக் கீழே வைத்தால் அது அதிரும். வாயை அசைத்தால் அந்த அதிர்வு சொல்லாக வெளியே வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் வரவில்லை. வண்டு ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டது போன்ற சத்தம்தான் வந்தது. மூன்றாம் நாள் கருவி அரிசி டின்னுக்குப் பின்னால் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து மன்னார்குடிக்காரர் ஒருவர் நீடாமங்கலத்தில் பஸ் மாறி வந்து சேர்ந்தார். அதே அறுவைசிகிச்சை அவருக்கு எட்டு வருடங்களுக்கு முன்பே ஆகியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, கழுத்தில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துத் தன் துளையைக் காட்டினார். கருவியை எடுத்து வரச் சொன்னார். சித்தப்பாவின் கழுத்தில் அதை வைத்து நூல் நூலாக நகர்த்தினார். ஓரிடத்தில் சத்தம் சட்டென்று தெளிந்தது. பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்து அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். “மூச்சைத் தள்ளாதீர்கள். அந்தப் புஸ் சத்தம் வார்த்தையை அமுக்கிவிடும். வாயை மட்டும் அசையுங்கள், வாக்கியம் முடிந்ததும் பொத்தானை விட்டுவிடுங்கள்” என்று தன் கருவியில் சொன்னார்.

அரை மணி நேரத்தில் சித்தப்பா பேசிய முதல் முழு வாக்கியம், காப்பியில் சர்க்கரை இல்லை என்பது. சித்தி, “போட்டேனே” என்றாள். இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் நடந்த முதல் சண்டை அதுதான்.

கிளம்பும்போது வந்தவர் ஒன்று கேட்டார்: “ஆற்றில் குளிப்பீர்களா?” இது என்ன கேள்வி, குடமுருட்டிக் கரையில் பிறந்தவரிடம்? “முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். ஆடிப்பெருக்கு என்றாலும் சரி. தண்ணீர் துளை வழியாக நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.” டிஸ்சார்ஜ் சீட்டிலும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளும்படி எழுதித்தான் இருந்தது. ஆறு என்று எழுதியிருக்கவில்லை.

ஊரில் இதற்கு, “யாரோ வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்” என்று பெயர் வைத்தார்கள். அந்த மனிதர் ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் செய்ததன் பெயர் ஒத்தோர் ஆதரவு. சக ஆதரவு என்றும் சொல்கிறார்கள். இந்தச் சொல்லை இப்போது சக்கர நாற்காலி வழங்கும் விழாவுக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் மேடைப் பேச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அதனால்தான் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

பேசாதவர் எல்லாரும் ஒன்றல்ல

ஒரு பம்பு செட்டை எடுத்துக்கொள்வோம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மோட்டார் பழுதானாலும் வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது, குழாய் வெடித்தாலும் வராது. காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக் கிணறே வற்றிவிட்டது என்று முடிவு கட்டுகிறவரை எந்த விவசாயியும் மதிக்கமாட்டார். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் அந்த முடிவைத்தான் முதலில் கட்டுகிறோம். வாய் பேசவில்லை என்றால் புத்தியும் இல்லை, காதும் கேட்காது என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம். பேச முடியாதவரிடம் போய்க் கத்திப் பேசுகிறவர்களை எந்தக் கல்யாண வீட்டிலும் பார்க்கலாம்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் பழுது மோட்டாரில் இருக்கிறது. பிறப்பை ஒட்டிய காலத்தில் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால், நாக்கு, உதடு, மூச்சு ஆகியவற்றை இயக்கும் தசைகளுக்குக் கட்டளை ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை. சொல்ல நினைப்பது உள்ளே இருக்கும். சித்தப்பாவுக்குக் குழாயில் ஒரு துண்டையே வெட்டியாகிவிட்டது.

பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு வருவது வேறு வகை. அதை மொழியிழப்பு என்று சொல்லலாம். மூளையில் மொழியைக் கையாளும் பகுதி, பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம், அடிபடுவதால் சொல் தேடினால் கிடைக்காது. பெரிய சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு பூட்டின் முன்னால் நிற்பது போன்ற நிலை. சாவி கொத்தில்தான் இருக்கிறது, கைக்கு மட்டும் வருவதில்லை. இதில் வீட்டாரைக் குழப்பும் ஒரு விசித்திரம் உண்டு. தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாத பெரியவர், சிறு வயதில் மனப்பாடம் செய்த தேவாரத்தைத் தடையில்லாமல் பாடிவிடுவார். மனப்பாடமும் பாட்டும் மூளையில் வேறு பாதையில் வருவதால் இப்படி நடக்கலாம். வீட்டில் மருமகள், “பாட மட்டும் வருகிறதே, நடிக்கிறார்” என்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. யாரும் அவளுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பேச்சுக் குறைபாடு என்ற தலைப்பின் கீழ் இந்தியாவில் பதிவானவர்கள் சுமார் 20 லட்சம் பேர். பல குறைபாடுகள் சேர்ந்தவர்களைத் தனியே எண்ணினார்கள். அவர்களிலும் பேச முடியாதவர்கள் இருப்பார்கள். ஊருக்கு ஒருவர், இருவர் என்று சிதறி இருப்பதால், ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்பதுதான் இவர்களுடைய தனிச் சிக்கல்.

கருவி என்றால் கம்ப்யூட்டர் மட்டுமா?

வாய்ப்பேச்சுக்குத் துணையாகவோ பதிலாகவோ பயன்படும் எல்லா வழிகளுக்கும் சேர்த்து, இந்தத் துறையில் இருப்பவர்கள் ஏஏசி (AAC, Augmentative and Alternative Communication என்பதன் சுருக்கம்) என்று சொல்கிறார்கள். கை ஜாடையும் இதில் அடங்கும். லேமினேட் செய்த படப் பலகை, எழுத்துப் பலகை, சித்தப்பாவின் அதிர்வுக் கருவி, படத்தைத் தொட்டால் பேசும் டேப்லெட் செயலி, கண் பார்வையால் இயங்கும் கம்ப்யூட்டர் எல்லாம் ஏஏசிதான். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலி தமிழிலும் இருக்கிறது. விலை உயர்ந்த கருவிதான் நல்ல கருவி என்பது தவறான எண்ணம். மின்சாரம் போன நேரத்தில் பத்து ரூபாய் லேமினேஷன்தான் கை கொடுக்கும்.

கையால் தொட முடியாதவர் எப்படித் தேர்ந்தெடுப்பார்? தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் பஸ்ஸில் கண்டக்டர், சாலியமங்கலம், அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி என்று வரிசையாகச் சொல்கிறார். தன் ஊர் வந்ததும் பயணி எழுந்திருக்கிறார். அவர் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் எங்கே இறங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டார். இதற்கு வரிசைத் தேடல் என்று பெயர். பக்கத்தில் இருப்பவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, வேண்டிய எழுத்து வந்ததும் பயனாளர் கண்ணை மூடித் திறக்கிறார். அல்லது கருவி ஒவ்வொரு கட்டமாக ஒளிர, ஒரு ஸ்விட்ச்சை அழுத்துகிறார். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1985ஆம் ஆண்டு மூச்சுக்குழாய் அறுவைசிகிச்சையில் பேச்சை முற்றிலும் இழந்த பிறகு பயன்படுத்தியதும் இந்த முறைதான். முதலில் கையால் ஸ்விட்ச்சை அழுத்தினார். கை ஓய்ந்தபின் கன்னத் தசையின் அசைவைக் கண்ணாடியில் பொருத்திய உணர்கருவி பார்த்துக்கொண்டது.

தமிழுக்கென்று சில தொல்லைகள் உண்டு. எழுத்துப் பலகையில் 247 எழுத்துகளையும் போட்டால் கதவு அளவுக்குப் பலகை வேண்டும். 12 உயிரும் 18 மெய்யும் இருந்தால் போதும். ‘க்’ காட்டி ‘ஆ’ காட்டினால் ‘கா’ ஆகிவிடுகிறது. படப் பலகையில் ‘அம்மா’ என்று ஒரு படம் இருக்கும். அம்மாவிடமா, அம்மாவோடா, அம்மாவுக்கா என்பது அந்தப் படத்தில் இருக்காது. ‘வா’ என்று ஒரு கட்டம் இருக்கும், ‘வாங்க’ இருக்காது. பெரியப்பா வீட்டுக்கு வரும்போது அந்தக் குழந்தை அவரை ‘வா’ என்று கூப்பிட்டால், பெரியம்மா ஒரு வாரத்துக்குப் பேச மாட்டாள். செயற்கைக் குரலோ செய்தி வாசிப்பது போல எழுத்துத் தமிழை ஒப்பிக்கும். பேச்சுத் தமிழில் தட்டினால் அந்தக் குரலுக்கு நாக்கு குழறும். எந்த எழுத்தைக் கூட்டி, எதைக் குறைத்துத் தட்டினால் வீட்டில் பேசுவது போல ஒலிக்கும் என்பது தினமும் அதோடு மல்லுக்கட்டுகிறவருக்குத்தான் தெரியும். இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பேச்சு நின்றுபோவதற்குக் காரணங்கள் பல, அறிவு குறைந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. வாய்க்குப் பதிலாக வரும் எந்த வழியும் ஏஏசி. கருவியை வாங்குவது தொடக்கம் மட்டுமே. அதைப் பேச வைப்பது தனி வித்தை.

முட்டுக்கட்டை என்ற சொல்லைப் பற்றி

படப் பலகை கொடுத்தால் குழந்தை சோம்பேறியாகிவிடும், வாய் திறந்து பேசவே பேசாது என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். சில பள்ளிகளிலும் இதைக் கேட்டிருக்கிறேன். கருவி பேச்சுக்கு முட்டுக்கட்டை என்கிறார்கள். தொடர்ந்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள். ஏஏசியால் வாய்ப்பேச்சு குறைந்ததாகத் தெரியவில்லை. பலருக்குச் சற்றுக் கூடவும் செய்திருக்கிறது.

திருவாரூர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும், வீதி முனையில் தேர் திரும்ப வேண்டுமானால் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர் வேண்டும். பேச்சு வழக்கில்தான் முட்டுக்கட்டை என்றால் தடை. தேரடியில் அதுதான் தேரைத் திருப்புவது.

தண்ணீரும் முறையும்

இனி மையமான விஷயத்துக்கு வருகிறேன். உரையாடல் என்பது முறை வைத்து நடப்பது. நீங்கள் பேசி முடித்தால் என் முறை, நான் முடித்தால் உங்கள் முறை. நம் பாசனத்திலும் அதே சொல்தான். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, தலைமடைக்காரர் மடையை உரிய நேரத்தில் அடைக்காவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. அவர் தீயவர் அல்ல. தன் வயலைத்தான் பார்த்தார். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வரும். கடைமடைக்காரர் அதன் பிறகும் பல நாள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பேச்சில் முறை கைமாறும் வேகம் பயங்கரமானது. உலகின் பல மொழிகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது. கண் இமைப்பதற்குள் முறை போய்விடும். சாதாரணமாகப் பேசுகிறவர் நிமிடத்துக்கு நூறு சொற்களுக்கு மேல் பேசுகிறார். பலகையிலோ ஸ்விட்ச்சிலோ பேசுகிறவர் பலருக்கு நிமிடத்துக்குப் பத்துச் சொல்லைத் தாண்டுவதே பெரிய காரியம். ஹாக்கிங்குக்கே கடைசி ஆண்டுகளில் நிமிடத்துக்கு ஒரு சொல் அளவுக்கு வேகம் குறைந்துவிட்டதாகச் செய்திகள் வந்தன.

ஆகவே கருவி கையில் இருந்தும் பேச்சு நடப்பதில்லை. அவர் முதல் எழுத்தைத் தொடும்போதே நாம் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அல்லது அவர் வாக்கியத்தை நாமே முடித்துவிடுகிறோம். “சாப்பாடா? தண்ணீரா? படுக்க வேண்டுமா?” என்று அடுக்கித் தலையை மட்டும் ஆட்டச் சொல்கிறோம். நாளடைவில் அவர் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். பிறகு நாமே, “இவருக்குப் பேசுவதில் ஆர்வமில்லை, கருவி வீண்” என்கிறோம். தலைமடையில் உட்கார்ந்துகொண்டு, கடைமடைக்காரருக்குச் சாகுபடியில் ஆர்வமில்லை என்று சொன்ன கதை.

இங்கேதான் ஒத்தோர் ஆதரவின் முதல் வேலை தொடங்குகிறது. இரண்டு கடைமடைக்காரர்கள் சேர்ந்தால் யார் மடையை எப்போது அடைக்க வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லத் தேவையில்லை. இரண்டு ஏஏசி பயனாளர்கள் பேசும்போது காத்திருப்பது யாருக்கும் பாரமாகத் தெரிவதில்லை.

ஒத்து ஊதாமல் நாகஸ்வரம் வருமா?

இரண்டாவது வேலை இதைவிட நுட்பமானது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே நரசிங்கம்பேட்டை இருக்கிறது. ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைந்து எடுக்கும் ஊர். 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே செய்த அருமையான நாகஸ்வரம் ஒன்றை, யாருமே நாகஸ்வரம் வாசிக்காத வீட்டுக் குழந்தையிடம் கொடுத்து, வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாத்தியார் வந்து, விரலை எங்கே வைப்பது என்று காட்டிவிட்டுப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாத்தியாரும் வாசிப்பவர் அல்ல, விரல் அமைப்பு படித்தவர். குழந்தை என்ன கற்கும்? மேளக்காரர் வீட்டுப் பிள்ளையோ வருடக்கணக்கில் பின்னால் உட்கார்ந்து ஒத்து ஊதிக்கொண்டே பெரியவர்கள் வாசிப்பதைக் காதில் வாங்கிவிடுகிறது.

பேசும் குழந்தைக்கும் அப்படித்தான் பேச்சு வருகிறது. ஒரு வருடம் சுற்றி இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுத்தான் முதல் சொல்லைச் சொல்கிறது. படப் பலகைக் குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. வீட்டில் எல்லாரும் வாயால் பேசுகிறார்கள், இவள் மட்டும் பலகையால் பேச வேண்டும். பலகையில் பேசும் ஒரு பெரிய ஆளை அவள் பார்த்ததே இல்லை. இதற்கு ஒரு பாதி மருந்து உண்டு: வீட்டாரும் பேசும்போதே பலகையில் படங்களைத் தொட்டுக் காட்டிப் பேசுவது. துறையில் இதை மாதிரி காட்டுதல் என்கிறார்கள். நல்ல ஸ்பீச் தெரபிஸ்டுகள் முதலில் வற்புறுத்துவது இதைத்தான். மீதிப் பாதி, உண்மையிலேயே அப்படிப் பேசி வாழ்கிற மனிதரைப் பார்ப்பது.

ஆகவே இலக்கணம் இது: ஒத்தோர் ஆதரவு என்பது, ஒரே வகை அனுபவத்தில் வாழ்கிற இருவர் அல்லது பலர், சமமானவர்களாக உட்கார்ந்து, தங்கள் வழியில், தங்கள் வேகத்தில், வாழ்ந்து கற்றதைக் கைமாற்றிக்கொள்வது. தெரபிஸ்ட் படித்துக் கற்றவர். அம்மா பார்த்துக் கற்றவள். ஒத்தவர் பட்டுக் கற்றவர். ஒருவர் இடத்தில் இன்னொருவரை வைக்க முடியாது.

கட்டங்களுக்கு மேல் ஒரு பேச்சு

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில், ஒரு சனிக்கிழமை நான் பார்த்தது. பதினொரு வயதுச் சிறுமி, அவளுக்கு நாற்பது கட்டங்கள் கொண்ட படப் பலகை. இருபத்தாறு வயது இளைஞர், அவருக்கு எழுத்துப் பலகை. இடது கையின் கட்டைவிரல் கணுவால் தொடுவார். இருவருக்கும் மூளை முடக்குவாதம். அவர் தன் பலகையை ஓரமாக வைத்துவிட்டு அவளுடைய பலகையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் பலகையில் எழுதினார்: “இதில் திட்ட ஒரு வார்த்தைகூட இல்லையே.”

உண்மைதான். ஆப்பிள், யானை, பந்து, பஸ் எல்லாம் இருந்தன. அந்தச் சிறுமி வாழ்நாளில் யானையைப் பற்றி எத்தனை முறை பேசுவாள்? நாம் ஒரு நாளில் பேசுவதில் பெரும்பகுதி சில நூறு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது: வேண்டாம், இன்னும், போதும், யார், ஏன், நான், இல்லை, அப்புறம். இவற்றை அடிப்படைச் சொற்கள் என்பார்கள். பலகை செய்கிறவர்கள் படம் வரையச் சுலபமாக இருப்பதை வரைந்துவிடுகிறார்கள். ‘ஏன்’ என்பதற்குப் படம் வரைவது கஷ்டம் என்பதால் குழந்தைக்கு ‘ஏன்’ கிடைக்காமல் போகிறது. உடல் உறுப்புகளின் பெயர்களும் ‘தொடாதே’ என்பதும் அதில் இல்லை. யாராவது தவறாக நடந்துகொண்டால் இந்தக் குழந்தை எப்படிச் சொல்லும் என்று பலகை செய்த பெரியவர்கள் யோசிக்கவில்லை. அந்த இளைஞர் யோசித்தார். அவருடைய பட்டியலில் அது இரண்டாவதாக இருந்தது.

பிறகு அவர் அவளுடைய படங்களைத் தொட்டே அவளிடம் பேசினார். ‘உனக்கு’, ‘என்ன’, ‘பிடிக்காது’. அவள் கை ஆடி ஆடி ஒரு கட்டத்தில் போய் நின்றது: ‘அம்மா’. எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்து, “அவள் என்ன சொல்ல வருகிறாள் என்றால்” என்று தொடங்கினாள். இளைஞர் கையை உயர்த்தினார். ஏறக்குறைய மூன்று நிமிடம். மின்விசிறிச் சத்தம் மட்டும். சிறுமியின் விரல் இன்னும் இரண்டு கட்டங்களைத் தொட்டது: ‘முன்னால்’, ‘பேசு’. அம்மா முந்திக்கொண்டு பேசுவது பிடிக்காது. அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

நான் அங்கே குறித்துக்கொண்ட வேறொன்று, அவர்களுடைய குறுக்குவழிகள். முதல் இரண்டு எழுத்தைக் காட்டிவிட்டு எதிரே இருப்பவரைப் பார்த்தால், ஊகிக்கச் சொல்கிறார் என்று பொருள். மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை இறுக மூடினால் இல்லை. ‘நான் இன்னும் முடிக்கவில்லை’ என்பதற்குப் பலகையின் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம். அதைத் தொட்டுக்கொண்டே இருந்தால் முறை கைவிட்டுப் போகாது. இந்தச் சிவப்புக் கட்டம் யார் கண்டுபிடிப்பு என்று கேட்டேன். இன்னொருவரிடம் பார்த்ததாம். அந்த இன்னொருவரும் யாரிடமோ பார்த்திருப்பார்.

இந்தப் பகுதியை ஒரு வரியில் வைத்தால்: ஒத்தவரிடமிருந்து வருவது மனத்தெம்பு மட்டும் அல்ல. சொற்பட்டியல், சைகை ஒப்பந்தம், முறையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தந்திரம், பாதுகாப்பு எல்லாம் வருகின்றன.

எங்கே தடம் மாறுகிறது

பெற்றோர் கூட்டம் நல்லது, வேண்டியது. ஆனால் அது பெற்றோருக்கான ஒத்தோர் ஆதரவு. பிள்ளைகளை ஓர் அறையில் விட்டுவிட்டு அடுத்த அறையில் பெரியவர்கள் பேசிவிட்டு வந்தால், பிள்ளைகளுக்கு ஆதரவு கிடைத்ததாகக் கணக்கில் எழுதக் கூடாது. அதேபோல, “சாதனையாளர்” ஒருவரை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தி, முன்பே தயாரித்த உரையைக் கருவி வாசிக்க, எல்லாரும் கண் கலங்கிக் கைதட்டுவது. அங்கே உரையாடல் எங்கே இருக்கிறது? கீழே இருக்கிற சிறுமி அவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டாளா?

பேச்சு யாருடையது என்பதிலும் கவனம் வேண்டும். பயனாளரின் கையையோ முழங்கையையோ உதவியாளர் பிடித்துக்கொண்டு எழுத்துகளைத் தொட வைக்கும் முறை ஒன்று உண்டு. 1990களில் அதைக் கட்டுப்பாடான சோதனைகளில் பார்த்தபோது, வெளிவந்த வார்த்தைகள் உதவியாளருடையவை என்று தெரிந்தது. உதவியாளர் வேண்டுமென்று ஏமாற்றவில்லை, தன்னை அறியாமல் நகர்த்தியிருக்கிறார். ஆகவே கையைப் பிடிக்கக் கூடாது.

பொருத்தமும் முக்கியம். பிறவியிலேயே பலகையில் வளர்ந்தவருக்கும், அறுபது வயதில் பக்கவாதத்தில் சொல் இழந்தவருக்கும் பிரச்சினை ஒன்றல்ல. ஒருவர் பேச்சை இழக்கவில்லை, அவருக்கு இருப்பதே அந்த மொழி. மற்றவர் இழந்திருக்கிறார். சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் துக்கம் மற்றவருக்குப் புரியாமல் போகலாம். இன்னொன்று, ஒத்தவர் மருத்துவர் அல்ல. விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு எந்த உணவு கொடுக்கலாம் என்பது போன்றவற்றில் அவர் யோசனை சொல்லக் கூடாது, நல்ல ஒத்தவர் சொல்லவும் மாட்டார்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் வந்தது, இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 26ஆம் பிரிவு மறுவாழ்வைப் பற்றிப் பேசும்போது சக ஆதரவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தொடர்புகொள்ளும் வழிகள் எவை என்று வரையறுக்கும் இடத்தில் ஏஏசியையும் சேர்த்திருக்கிறது. அலுவலகத்தில் எழுத்துப் பலகையை எடுத்தால், “கூட வந்தவரைப் பேசச் சொல்லுங்கள்” என்று சொல்லும் குமாஸ்தாவிடம் இதைக் காட்டலாம்.

முதல் சந்திப்புக்கு என்ன வேண்டும்

பெரிய கூட்டம் வேண்டாம். இரண்டு பேர் போதும், மூன்று பேர் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் களைத்தால் மற்ற இருவர் தொடர்வார்கள். யாரைக் கேட்பது? வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், பிசியோதெரபிஸ்ட், இவர்களுக்குப் பக்கத்து ஊரில் இன்னொருவர் இருப்பது தெரிந்திருக்கும். இருவர் வீட்டாரின் சம்மதத்தையும், அதற்கு முன்னால் அந்த இருவரின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இடம் தரைத்தளமாக இருக்கட்டும். சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்கிறதா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள். இருக்கிறது என்று போனில் சொல்வதை நம்பாதீர்கள். ஆட்டோக் காசு யார் கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். வருகிறவர் தன் ஒரு நாளைச் செலவழிக்கிறார். இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இருபது நிமிடப் பேச்சு நடக்கும். கதிரடிக்கும் தூசி பறக்கும் நாட்களில் கழுத்தில் துளை உள்ளவரைக் கூப்பிடாதீர்கள். கூட வந்த வீட்டார் முதல் பத்து நிமிடம் இருந்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடட்டும். போகத் தயங்குவார்கள். போகத்தான் வேண்டும்.

சித்தப்பாவுக்கு இப்போது வெளியூர் அழைப்புகள் வருகின்றன. போனை எடுத்ததும், “கருவி வைத்துப் பேசுகிறேன், லைன் கோளாறு இல்லை, வைத்துவிடாதீர்கள்” என்று ஆரம்பிக்கிறார். இதுவும் மன்னார்குடியில் கற்றதுதான். சென்ற மாதம் பாபநாசத்தில் ஒருவரைப் பார்க்கப் போனார். பையில் மாற்று பேட்டரி, இரண்டு கைக்குட்டை, சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி. சித்தி வெற்றிலையும் வைத்தாள். எடுத்து வெளியே வைத்துவிட்டார். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து, அலமாரியில் எதையோ தேடினார். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“பேனா” என்றார்.